பசுமைச் சான்றும் எமது கந்தோர்க் கட்டடமும்

நம் கல்லூரியின் ஜூபிலி மலருக்குக் கட்டுரையொன்று எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கடிதம் எழுதியபோது, எதனை எழுதுவதென்று நாம் சில நாள் திகைத்திருந்தோம். பழைய மாணவர் பலர் தத்தம் துறையிற் கண்ட வெற்றிகளை எழுதுவர். அது முறையே. எமக்கோ எழுதுவதற்கு எஞ்சியிருந்தது ஒரு தோல்வி. கட்டட வேலைப் பகுதியில் முப்பது ஆண்டு அரசாங்க ஊழியம் பார்த்து இளைப்பாறிய ஒருவர், தம் சொந்தக் காணியில் தாமே வரைந்து கட்டுவித்த கந்தோர்க் கட்டடத்துக்கு வாடகைக்காரர் கிடையாமல், அதனைப் பூட்டித் திறப்பை மடியில் வைத்திருந்த கதை அது. அவ்வொருவர் நாமே. தோல்வியிலிருந்து கற்ற பாடம் பிறருக்கும் பயன்படுமென்னும் துணிவினால் இதனை எழுதுகின்றோம்.

கதையின் தொடக்கம் நம் கல்லூரியின் விஞ்ஞான கூடத்து விறாந்தையிலேயே இருக்கின்றது. எமக்குப் பௌதிகம் கற்பித்த ஆசிரியர் ஒரு நாள் இரண்டு பால்மாப் பேணிகளைக் கொணர்ந்தார். ஒன்றன் புறத்தே விளக்குக் கரி பூசப்பட்டிருந்தது. மற்றையது சுண்ணாம்பு பூசி வெண்மையாக்கப்பட்டிருந்தது. இரண்டிலும் ஒரே அளவு கிணற்று நீரை வார்த்து, ஒவ்வொன்றிலும் ஒரு வெப்பமானியை இட்டு, வெயிலில் வைத்தார். சற்று நேரத்தின் பின் எது கூடிய சூடு என்று வினவினார். கையை நீட்டித் தொட்டுப் பார்க்க முந்தினோம். "தம்பிமாரே, கண்ணும் கையும் பொய் சொல்லும், மானியைப் பாருங்கள்" என்று எமது கையைத் தட்டிவிட்டார். கரிப்பேணியின் மானி உயர்ந்து நின்றது. அவ்வாண்டுப் பரீட்சையில் அவ்வினாவுக்கு முழுப் புள்ளியும் பெற்றோம். பின்பு வாழ்க்கையில் அதனை மறந்தோம்.

எமது ஊர் அறுகம்பே. அறுகங்குடா என்பதும் அதுவே. அம்பாறை மாவட்டத்துக் கரையில், பொத்துவிலை அடுத்துத் தெற்கே உள்ளது. அறுகம்புல்லின் பெயரே ஊருக்கு ஆயிற்றென்பர். வடக்கே போகப் போக, அக்கரைப்பற்று, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை என முஸ்லிம் மக்கள் பெருகி வாழும் ஊர்களும், இடையிடையே தமிழர் வாழும் ஊர்களும் ஒன்றன் வேலியை மற்றொன்று தொட்டுக் கிடக்கும். மானிப்பாயிலும் திருக்கோணமலையிலும் இந்துக் கல்லூரிகளின் தலைமையை ஏற்றுத் தமிழையும் விஞ்ஞானத்தையும் ஒருங்கே வளர்த்த விபுலாநந்த அடிகள் 1892 ஆம் ஆண்டிற் பிறந்த காரைதீவும் அவ்வரிசையிலேயே உள்ளது.

இக்கரையில் வீடு கட்டுவோர் காற்றை அறிதல் வேண்டும். வைகாசி தொடங்கி ஆவணி வரையும் மேற்கேயிருந்து கச்சான் வீசும். மலைநாட்டைத் தாண்டும்போது தன் ஈரத்தை அங்கே உதிர்த்துவிட்டு, எம்மிடம் வரும்போது எரிகாற்றாக வரும். அலைமேற் சறுக்கி விளையாட வெளிநாட்டார் வந்து குவியும் காலமும் அதுவே. பிற்பகலில் மேற்கு வெயில் சுவரைச் சுடும். அவ்வேளையில் கடலைப் பார்த்த பக்கத்திலே நிழலிருந்தால் அங்கு மூச்சு விடலாம். எந்தையார் இதனை அறிந்தே வீடு கட்டினார். தடித்த செங்கற் சுவர், நாட்டோட்டுக் கூரை, உயர்ந்த முகடு, மேற்கே அகன்ற விறாந்தை, அதற்கப்பால் ஒரு வேம்பும் இரண்டு பூவரசும். 2004 டிசெம்பர் 26 இற் கடல் பொங்கி எமது கரையை வாரியபோது, வீடு கரையிலிருந்து எட்டியிருந்தமையால், முற்றம் வரை வந்த நீர் திரும்பிச் சென்றது. வீடு நின்றது. கடல் விட்டு வைத்த அவ்வீட்டை 2013 இல் நாமே இடித்தோம்.

இடித்ததற்குக் காரணம் வாடகை ஆசையே. சுனாமிக்குப் பின்பு தொண்டு நிறுவனங்கள் பல வந்து இக்கரையில் வீடுகளைக் கந்தோர்களாக எடுத்தன. 2009 இற் போர் முடிந்த பின்னர் உல்லாசப் பயணத் தொழிலும் வளர்ந்தது. கொழும்பிற் கண்ட கண்ணாடிக் கோபுரங்கள் எமது மனத்திற் குடிகொண்டிருந்தன. வங்கியிற் கடன் பெற்று மூன்று மாடி எழுப்பினோம். தெருவைப் பார்த்த முகம் முழுவதும் கண்ணாடி. தெரு மேற்கே இருந்தது. ஆகவே கண்ணாடியும் மேற்கையே பார்த்தது. மேலே தட்டையான கொங்கிறீற் கூரை. திறக்கத்தக்க யன்னல் ஒன்றுதானும் இல்லை. அறைதோறும் குளிரூட்டிப் பெட்டி. வேம்பையும் பூவரசுகளையும் வாகனத் தரிப்பிடத்துக்காகத் தறித்தோம். திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் "கொழும்பைக் கொண்டு வந்துவிட்டீர்கள்" என்று புகழ்ந்தனர். பேணிக்குக் கரி பூசிவிட்டோமென்று சொல்ல அங்கே எமது ஆசிரியர் இல்லை.

வெளிநாட்டிலே தலைமையகம் கொண்ட ஒரு தொண்டு நிறுவனம் கட்டடம் முழுவதையும் குத்தகைக்கு எடுத்தது. மின்கட்டணம் அவர்கள் பொறுப்பு. கட்டடம் எமது பொறுப்பு. நாம் மாதந்தோறும் வாடகையை எண்ணி மகிழ்ந்திருந்தோம். 2022 வந்தது. நாட்டின் அந்நியச் செலாவணி வற்றி, எரிபொருள் இல்லாமல், அவ்வாண்டு மார்ச்சு மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. மின்பிறப்பாக்கிக்கு டீசலும் இல்லை. எமது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்க முடியாமல், அக்கந்தோர் உத்தியோகத்தர் மாடிப்படிகளிற் கோப்புகளை மடியில் வைத்து வேலை பார்த்ததைக் கண்டோம். பின்னர் மின்சாரம் வந்தது. ஆனால் விலையும் ஏறியது. 2022 ஓகஸ்டிற் கட்டணங்கள் சராசரி நூற்றுக்கு 75 அளவிலும், 2023 பெப்ரவரியில் மீண்டும் நூற்றுக்கு 66 அளவிலும் உயர்த்தப்பட்டன. பிற்காலத்தில் ஓரளவு குறைக்கப்பட்டனவாயினும், அவ்விரண்டு உயர்வும் எமது கட்டடத்தின் குணத்தை ஊரறியச் செய்துவிட்டன.

குத்தகை முடிவதற்குச் சில மாதம் முன்பு நிறுவனத்தார் எமக்கொரு கடிதம் அனுப்பினர். மூன்று வினாக்கள். கட்டடத்துக்குப் பசுமைச் சான்று ஏதும் உண்டா? ஆண்டொன்றுக்குச் சதுர அடிக்கு எத்தனை அலகு மின்சாரம் செலவாகின்றது? மேற்குக் கண்ணாடிக்கு நிழல் அமைத்துத் தர முடியுமா? முதலாவதற்கு, வேண்டுமானாற் கூரையிற் சூரியத் தகடு நாலு பதிப்போமென்று எழுதினோம். இரண்டாவதற்கு, கணக்கு எம்மிடம் இல்லையென்றோம். மூன்றாவதற்கு நாம் எழுதிய விடையை நினைத்தால் இன்றும் வெட்கம் வருகின்றது: "மின்பட்டியல் உங்களுடையது, ஆகவே நிழலும் உங்களுடையது." அவர்கள் மறுமொழி எழுதவில்லை. தவணை முடிந்ததும் திறப்பைக் கையளித்து வெளியேறினர்.

அவர்கள் சென்ற இடம் வெகு தூரமன்று. எமது தெருவின் மறு முனையில் ஒரு ஹாஜியாருடைய பழைய வீடு. எம்மிலும் மூத்தவராதலின் அவரைக் காக்கா என்றே அழைப்போம்; அவர் எம்மைத் தம்பியென்பார். எமது வாடகைக்காரரைக் கொண்டுபோனவர் என்னும் மனக்கசப்பு எமக்கு இருந்தது. அதனை அவர் அறிந்தவராய் ஒரு நாள் தேநீருக்கு அழைத்தார். சட்டைப் பையில் ஒரு வெப்பமானியை வைத்துக்கொண்டு சென்றோம். ஓட்டுக் கூரை, மேற்கே விறாந்தை, முற்றத்தில் மாமரம், எதிரெதிர் யன்னல்கள். எந்தையாருடைய வீடு வேறோர் காணியில் எழுந்து நிற்பது போலிருந்தது. பிற்பகல் மூன்று மணி. குளிரூட்டி இயங்காத அறையில், எமது பூட்டிய கட்டடத்தில் அன்று கண்டதிலும் ஐந்து பாகை குறைவாக மானி காட்டியது.

"இதிலே என்ன வித்தை, காக்கா?" என்றோம்.

"வித்தை ஒண்டும் இல்ல தம்பி. கச்சானுக்கு முதுகு, கடலுக்கு முகம் எண்டு வாப்பா சொல்லுவார். அதத்தான் உங்கட வாப்பாவும் செஞ்சிருந்தார்" என்றார்.

அதன் பின்னரே பசுமைச் சான்று என்பது யாதென்று முறையாகக் கற்கத் தொடங்கினோம். முதுமையில் மீண்டும் மாணவரானோம் என்றும் சொல்லலாம்.

கட்டடமொன்று நிலத்தையும் நீரையும் சக்தியையும் எவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்துகின்றது, உள்ளே இருப்போருக்குக் காற்றும் ஒளியும் எவ்வாறு கிடைக்கின்றன, எத்தகைய பொருள்களாற் கட்டப்பட்டது என்பவற்றை ஆராய்ந்து, புள்ளியிட்டு, தரம் வழங்குவதே பசுமைச் சான்று. 1990 இல் இங்கிலாந்திலே பிரீயம் என்னும் முறை தோன்றியது. 1993 இல் ஐக்கிய அமெரிக்காவில் நிறுவப்பட்ட பசுமைக் கட்டடப் பேரவை, லீட் என்னும் முறையை வகுத்தது. அம்முறையின் அண்மைய பதிப்புகளில் மொத்தப் புள்ளி 110. 40 பெற்றாற் சான்று, 50 வெள்ளி, 60 பொன், 80 பிளாட்டினம். எமது நாட்டிலும் 2009 இற் பசுமைக் கட்டடப் பேரவை தொடங்கப்பட்டுத் தனக்கென ஒரு தர முறையையும் வகுத்துக்கொண்டது.

இவை மேனாட்டாருக்கே உரியன என்று எண்ணியிருந்த எமக்கு, எமது தீவு இதில் முற்பட்டு நின்றதென்னும் செய்தி வியப்பாயிற்று. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வரைந்து 1994 இல் திறக்கப்பட்ட கந்தளம விடுதி, மலைச்சாரலை வெட்டாமல் அதன்மேல் ஒதுங்கி நிற்பது. அது 2000 ஆம் ஆண்டிலேயே, அமெரிக்காவுக்கு வெளியே லீட் சான்று பெற்ற கட்டடங்களுள் முன்னோடியாயிற்று. 2008 இல் துல்ஹிரியவில் எழுந்த ஆடைத் தொழிற்சாலையொன்று, பகலொளியையும் நீராவிக் குளிர்ச்சியையும் கொண்டு இயங்குவதாய் அமைந்து, பிளாட்டினத் தரம் பெற்றது. அயல் நாட்டைப் பார்த்தால், ஐதராபாத்திலுள்ள கோத்ரெஜ் பசுமைத் தொழில் மையம் 2003 இல், அமெரிக்காவுக்கு வெளியே முதன்முதலாகப் பிளாட்டினம் பெற்றது. 2004 இல் அதனைத் திறந்து வைத்தவர் இராமேசுவரத்திற் பிறந்த அப்துல் கலாம். நடுவே முற்றமும், துளையிட்ட மறைப்புச் சுவர்களும், காற்றை இறக்கும் கோபுரங்களும் கொண்டது அக்கட்டடம். முற்றமும் துளைச்சுவரும் எமது பாட்டன்மார் அறிந்தனவே. அவர்கள் புள்ளியிடவில்லை, அவ்வளவே வேற்றுமை.

இனி வாடகைக்கு வருவோம். பசுமைச் சான்றினால் வாடகை கூடுமா? இவ்வினாவுக்கு விடை தேடியவர்களுள் ஐக்கோல்ட்ஸ், கொக், குவிக்லி என்னும் மூன்று பொருளியலாளர் முக்கியமானவர். அமெரிக்காவிற் சான்று பெற்ற கந்தோர்க் கட்டடம் ஒவ்வொன்றையும், அதனைச் சூழக் கால் மைல் எல்லைக்குள் நின்ற சான்றில்லாக் கட்டடங்களோடு ஒப்பிட்டு, 2010 இல் அவர்கள் தம் ஆய்வை வெளியிட்டனர். சதுர அடி வாடகை நூற்றுக்கு 3 அளவிற் கூடுதலாக இருந்தது. எவ்வளவு இடம் வெறுமையாகக் கிடந்தது என்பதையும் சேர்த்துக் கணித்தால் வேற்றுமை நூற்றுக்கு 6 இற்கும் மேல். விற்பனை விலையோ நூற்றுக்கு 16 அளவில் உயர்ந்தது. இதனைப் படித்தபோது முதலாவது எண்ணிலும் இரண்டாவது எண்ணே எம்மைத் தைத்தது. பசுமைக் கட்டடத்தின் பெரும் பேறு வாடகைக் காசு கூடுவதில் மட்டும் அன்று. கட்டடம் வெறுமையாகக் கிடவாமையிலும் உண்டு. பூட்டிய கட்டடத்தின் சதுர அடி வாடகை எவ்வளவு உயர்ந்ததாயினும், பெருக்கி வருவது பூச்சியமே.

இதைப் பற்றி உலகெங்கும் சிதறியிருக்கும் எமது வகுப்புத் தோழருக்கு எழுதினோம். இலண்டனில் இருப்பவர் விடை எழுதினார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2018 ஏப்ரில் முதல், சக்தித் தரத்தில் ‘ஈ’ என்னும் படிக்குக் கீழ்ப்பட்ட வணிகக் கட்டடத்தை, விதிவிலக்குப் பெற்றாலன்றிப் புதிதாக வாடகைக்கு விடலாகாது. 2023 ஏப்ரில் முதல், முன்னமே விட்டிருந்த குத்தகையைத் தொடரவும் ஆகாது. நல்ல கட்டடத்துக்கு வாடகை கூடும் என்பதோடு காரியம் நிற்கவில்லை. தீய கட்டடத்துக்கு வாடகையே இல்லை என்னும் நிலை அங்கே சட்டமாயிற்று. எமக்குக் கச்சானும் மின்பட்டியலும் விதித்த தண்டனையை அவர்களுக்குப் பாராளுமன்றம் விதித்தது.

சிட்னியில் இருக்கும் தோழர் எழுதியதே எமது கண்ணைத் திறந்தது. 1998 இல் நியூ சவுத் வேல்ஸில் தொடங்கிப் பின்னர் அவுஸ்திரேலியா முழுவதும் பரந்த நேபர்ஸ் என்னும் முறை, வரைபடத்தைப் பார்த்துப் புள்ளியிடுவதில்லை. பன்னிரண்டு மாதம் மெய்யாகச் செலவான சக்தியை மானியிற் பார்த்து விண்மீன்களை அளிக்கின்றது; ஆறு விண்மீன் உயர்ந்தது. 2010 இல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ், பெரிய கந்தோர் இடத்தை விற்கவோ வாடகைக்கு விடவோ முற்படுவோர் அத்தரத்தை வெளிப்படுத்தல் வேண்டும். 2017 ஜூலை முதல் 1000 சதுர மீற்றர் இடத்துக்கும் அவ்விதி பொருந்தும். இதனினும் சிறந்ததொன்று அதிலுண்டு. உடைமையாளர் பொறுப்பான பொதுக் குளிரூட்டல், மின்தூக்கி முதலியவற்றின் செலவை ஒரு கணக்காகவும், வாடகைக்காரருடைய விளக்கு, கணினி முதலியவற்றின் செலவை வேறொரு கணக்காகவும் பிரித்து அளக்கின்றார்கள்.

இங்கேதான் எமது நோயின் வேர் அகப்பட்டது. கட்டுபவன் ஒருவன், மின்பட்டியல் செலுத்துபவன் வேறொருவன். நிழல் அமைக்க உடைமையாளன் காசு செலவிட்டால், அதன் இலாபம் வாடகைக்காரனுக்குப் போகும். ஆகவே அவன் அமைப்பதில்லை. வாடகைக்காரன் அமைத்தால், சில ஆண்டில் அவன் நீங்கும்போது அது உடைமையாளனுக்கு எஞ்சும். ஆகவே அவனும் அமைப்பதில்லை. இருவரும் தத்தம் கணக்கிற் சரியாகவே நடக்கின்றனர். இருவரும் சேர்ந்து வெந்துபோகின்றனர். "நிழலும் உங்களுடையது" என்று நாம் எழுதிய விடை, இந்த நோயின் முழு வடிவம். பிற நாடுகளிற் பசுமைக் குத்தகை என்று வழங்கும் உடன்படிக்கை இதற்கெனவே தோன்றியது. செலவையும் சேமிப்பையும் இன்ன விகிதத்தில் இருவரும் பகிர்வர், கணக்கை ஒருவருக்கொருவர் மறையாது காட்டுவர் என்று அதில் எழுதிக்கொள்வர். இதை உணர்ந்த பின்னர் எமது துணிபு இதுவாயிற்று: சான்றிதழ் சுவரிலே தொங்குவது, பசுமையோ உடன்படிக்கையிலே வாழ்வது. முன்பின் அறியாத இருவருக்கிடையே நம்பிக்கைக்குச் சாட்சியாகச் சான்றிதழ் வேண்டும். அதனை இகழ்வது அறியாமை. ஆயினும் கணக்கை மறைக்கும் இருவரை எந்தச் சான்றிதழும் காப்பாற்றாது.

மற்றொரு எச்சரிக்கையையும் இங்கே சொல்லல் வேண்டும். புள்ளிகளைக் கூட்டித் தரம் காணும் முறையில், ஓரிடத்திற் குறைந்ததை வேறோரிடத்தில் ஈடு செய்து கொள்ளலாம். கடல் அவ்வாறு கணக்குப் பார்ப்பதில்லை. மணல்மேடும் கண்டற் காடும் அழியாதிருந்த இடங்களிற் சுனாமியின் வேகம் தணிந்ததும், மேட்டை வெட்டிய இடங்களில் நீர் தடையின்றிப் புகுந்ததும் இத்தீவின் கரைகளிற் பதிவாகியுள்ளன. முகத்துவாரத்தையும் மணல்மேட்டையும் அழித்து எழுப்பிய விடுதிக்குக் கூரை நிறையச் சூரியத் தகடு பதித்தாலும், அது பசுமையாகிவிடாது. முதற் புள்ளி இடத்துக்கே. அதில் தவறினால் எஞ்சிய புள்ளிகள் பயனற்றவை. அறுகம்பேயின் இளைய தலைமுறையினர் இதனை மறவாதிருப்பாராக.

பின்பு நாம் செய்தவற்றைச் சுருங்கச் சொல்கின்றோம். நிந்தவூரிலிருந்து ஒரு ஓடாவியாரை அழைத்து, மேற்குக் கண்ணாடியிற் பாதியைக் கழற்றி, மரச்சட்டங்களாற் சாய்வு மறைப்பு அமைத்தோம். கிழக்கிலும் மேற்கிலும் எதிரெதிராகத் திறக்கும் யன்னல்கள் வைத்தோம். கொங்கிறீற் கூரைமேல் வெண்பூச்சுப் பூசினோம்; பூசிய அன்று வெள்ளைப் பேணியை நினைத்தோம். தெருப்பக்கம் வேம்பும் பூவரசும் நட்டோம். இவையெல்லாம் முடிந்த பின்னரே கூரையிற் சூரியத் தகடுகளை ஏற்றி, மிகுந்த மின்சாரத்தை மின்சார சபைக்கு அளிக்கும் ஏற்பாட்டிற் சேர்ந்தோம். செலவைக் குறைக்காமல் உற்பத்தியைக் கூட்டுவது ஓட்டைக் குடத்துக்கு நீர் வார்ப்பது போலாகும். மாடிதோறும் தனித்தனி மின்மானி பொருத்தினோம். மாதந்தோறும் அலகுகளை ஒரு கொப்பியில் எழுதி வந்தோம்.

சில மாதத்தின் பின், கல்முனைப் பக்கத்து இளைஞர் சிலர் நடத்தும் கணினித் தொழில் நிறுவனமொன்று இடம் பார்க்க வந்தது. பேச வந்தவர் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்ற ஓர் இளம் பெண். தமக்கு வேலை தரும் வெளிநாட்டார், கந்தோரின் மின்செலவு எவ்வளவு என்று ஆண்டுதோறும் கேட்டு எழுதுகின்றனர் என்றார். சான்றிதழ் கேட்பாரென்று அஞ்சியிருந்தோம். அது எம்மிடம் இல்லை. அவரோ, "சேர், மின்பட்டியல்களைப் பார்க்கலாமா?" என்று மட்டும் வினவினார். கொப்பியை நீட்டினோம். பக்கம் பக்கமாகப் பார்த்தார். பின்பு சுவரை அண்ணாந்து பார்த்து, யன்னலைத் திறந்து சற்று நேரம் நின்றார்.

நொத்தாரிசு முன்னிலையிற் குத்தகை எழுதும்போது ஒரு புதிய வாசகத்தைச் சேர்க்கச் செய்தோம். இன்ன அளவுக்குக் கீழே மின்செலவு குறையுமாயின், மிச்சத்தில் அரைவாசி அவர்களுக்கு. அரைவாசி கட்டடத்தின் திருத்த வேலைக்கு. வாடகை முன்னைய நிறுவனம் தந்ததிலும் சற்றுக் குறைவே. அதனை மறைக்க நாம் விரும்பவில்லை. ஆயினும் கட்டடம் திறந்திருக்கின்றது. வங்கிக் கடன் கழிகின்றது. முதல் தவணை முடிந்ததும் அவர்களே முன்வந்து குத்தகையைப் புதுப்பித்தனர். ஹாஜியார் ஒரு மாலை வந்து, படிக்கட்டில் நின்று, உள்ளே வீசும் காற்றைத் தம் சால்வையை விரித்துப் பார்த்தார். "தம்பி, இப்பதான் உங்கட கட்டடம் மூச்சு விடுது" என்றார். அவருடைய அச்சொல்லைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துள்ளோம். முறைப்படி சான்றும் பெற விண்ணப்பிக்கும் எண்ணம் இப்போது எமக்கு உண்டு. ஏனெனில் இனி எதை அளந்தாலும் எமக்கு அச்சமில்லை.

ஜூபிலியை ஒட்டி நம் கல்லூரியிற் புதிய கட்டடமொன்று எழுப்பும் பேச்சு நடைபெறுவதாக அறிகின்றோம். அதற்கு எம்மால் இயன்ற பொருளை அனுப்புவோம். அதனோடு ஒரு வேண்டுகோளையும் அனுப்புகின்றோம். வரைபடம் கீறுமுன், பழைய விஞ்ஞான கூடத்து விறாந்தையிற் பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு வெப்பமானியைத் தூக்கி வைத்துப் பாருங்கள். அவ்விறாந்தைக்கு எவரும் சான்று வழங்கியதில்லை. எனினும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் மின்விசிறியும் இன்றி அங்கே கற்றார்கள். புதிய கட்டடமும் அத்தகையதாய் அமையட்டும். அதற்குச் சான்று பெறுவதாயின் பெறுங்கள். ஆயின் முதலில் மானியைப் பாருங்கள், மின்பட்டியலை மாணவர் காணச் சுவரில் ஒட்டுங்கள். எமது பௌதிக ஆசிரியர் இன்றில்லை. அவர் எமது கையைத் தட்டிவிட்ட அந்த அடி, இத்தனை ஆண்டின் பின்னர் எமக்கு உறைத்தது. நம் பிள்ளைகளுக்காவது அது காலத்தில் உறைக்குமாக.

வாழ்க நம் கல்லூரி; நீடு நிலவுக அதன் நிழல்.